ஊசி உதிராத மரம்

நோர்விக், பரோயே தீவுகள்
9 அக்டோபர் 1994

அன்புள்ள ரன்வா,

இது உன் அண்ணன் ஹானுஸ். இதை நானே எழுதுகிறேன். வேறு யாரும் எழுதித் தரவில்லை. பென்சிலும் என்னுடையது.

வியாழக்கிழமை தொடங்கினேன். இன்று ஞாயிறு. மேலே உன் பெயரை எழுதி முடித்ததும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னைக் கூப்பிட்ட மாதிரி இருந்தது.

எனக்கு எழுபத்திரண்டு வயது ஆகிறது. போன குளிர்காலம் வரைக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. இது என் மனைவி எல்ஸ்பாவுக்கு மட்டும் தெரியும். அவள் இருந்தவரை வீட்டுக்கு வந்த தாள் எல்லாவற்றையும் அவள் படித்தாள். அவள் போன பிறகு தபால்காரி பிரிதா என்னைக் கண்டுபிடித்துவிட்டாள். நாளைக்குக் குழாயில் தண்ணீர் வராது என்று வீடு வீடாகத் தாள் கொடுத்திருந்தாள். மறுநாள் ஊரிலேயே என் வீட்டு வாளி மட்டும் காலி.

"தாளைப் படிக்கலையா அண்ணே?" என்றாள்.

மூக்குக் கண்ணாடி உடைந்துவிட்டது என்றேன். கண்ணாடி என் மூக்கின் மேல்தான் இருந்தது.

அன்றிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் தபால் கொடுத்து முடித்ததும் என் சமையலறையில் வந்து உட்காருகிறாள். முதலில் ஓட்ஸ் டப்பாவைப் படித்தேன். "திறந்த பின் மூடியை இறுக்கமாக மூடவும்." அந்த டப்பா இத்தனை வருஷமாக இதைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. நான் ஒரு நாளும் கேட்கவில்லை.

இப்போது முக்கியமானது. நீ 1963 டிசம்பரில் எனக்கு எழுதிய கடிதத்தைப் படித்தேன். போன செவ்வாய்க்கிழமை படித்து முடித்தேன். அச்செழுத்து மாதிரி இல்லை, கையெழுத்து கடினம். ஒரு பக்கத்துக்கு ஒரு பகல் ஆயிற்று.

அன்று நான் அதைப் படிக்கவில்லை, ரன்வா. படித்துவிட்டு வராமல் இருக்கவில்லை. இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு வா. நான் அட்டை மரம் செய்கிறேன். உனக்கு ஆறு வயதில் செய்தேனே, அதைப் போல.

தொலைபேசியில் கூப்பிடச் சொல்கிறாள் பிரிதா. படகு எஞ்சின் பக்கத்தில் நாற்பது வருஷம் உட்கார்ந்ததில் எனக்கு அதில் ஒன்றும் கேட்பதில்லை. எழுத்து நன்றாகக் கேட்கிறது.

உன் அண்ணன்
ஹானுஸ்


எஸ்பியர், டென்மார்க்
21 அக்டோபர் 1994

ஹானுஸ் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பிரிதா என்பவரின் கையெழுத்து என்று நினைத்தேன். பிறகு எழுத்துகள் போகிற போக்கைப் பார்த்து, அப்படி இருக்க முடியாது என்று புரிந்துகொண்டேன்.

நீங்கள் சொல்வதை நம்புவது எனக்குக் கடினமாக இருக்கிறது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கோயிலில் நான் உங்கள் பக்கத்தில்தான் நின்றேன். பாட்டுப் புத்தகத்தைக் கையில் விரித்து வைத்து, எல்லாப் பாட்டையும் முழுதாகப் பாடினீர்கள். சரியான இடத்தில் பக்கம் திருப்பினீர்கள். படிக்கத் தெரியாதவர் எப்படிப் பக்கம் திருப்பினார்?

என் கடிதத்தை இப்போது படித்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அதில் என்ன இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் நான் ஒருமுறை சொல்கிறேன், அதற்குப் பின் நடந்தது உங்களுக்குத் தெரியாதே. கல்யாணம் ஆகாமல் பிள்ளை பெற்றவளுக்கு இந்த வீட்டில் கதவு இல்லை என்று அப்பா சொல்லிவிட்டார். நான் உங்களுக்கு மட்டும் எழுதினேன். பிர்கிட்டுக்கு ஏழு மாதம், கிறிஸ்துமஸுக்குக் கூட்டிக்கொண்டு வருகிறேன், டிசம்பர் 21 அன்று கிளாக்ஸ்விக் துறைக்குப் படகு எடுத்து வா, நீ வந்தால் எனக்கு வீடு இருக்கிறது, வராவிட்டால் அப்பாவின் பேச்சுதான் உன் பேச்சும் என்று எடுத்துக்கொள்வேன், வேறு யாரையும் கேட்க மாட்டேன் என்று எழுதினேன்.

அன்று நோர்விக்குக்குச் சாலை கிடையாது. படகு ஒன்றுதான் வழி. நான் துறையில் மீன் பெட்டிகளுக்குப் பின்னால் காற்றுக்கு ஒதுங்கி உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு படகாக வந்து போயிற்று. நம் ஊர்ப் படகு ஒன்றுகூட வந்தது. யாக்குப் ஓட்டி வந்தான். "ஏறு புள்ள, கொண்டு விடறேன்" என்றான். நான் என் அண்ணனுக்காகக் காத்திருக்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். என்னைப் பார்த்ததை வீட்டில் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். இரண்டு நாள் அப்படி இருந்தேன். பிறகு அதே கப்பலில் திரும்பிவிட்டேன். கப்பலில் பிர்கிட்டுக்குக் காய்ச்சல் வந்தது.

அந்தப் பிர்கிட்டுக்கு இப்போது முப்பத்தொரு வயது. பல் மருத்துவரிடம் வேலை செய்கிறாள்.

எல்ஸ்பா வருஷம் தவறாமல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பினார். அவருக்காகத்தான் பதில் போட்டேன். அவர் இறந்தது எனக்கு வருத்தமே.

கிறிஸ்துமஸுக்கு நான் எங்கும் போவதில்லை.

ரன்வா


நோர்விக்
3 நவம்பர் 1994

அன்புள்ள ரன்வா,

உன் கடிதம் வந்தது. பிரிதா கையில் கொடுத்துவிட்டு, கையுறையைக் கழற்றாமல் அங்கேயே நின்றாள். "நான் படிக்கட்டுமா, நீங்களே படிக்கிறீங்களா?" என்றாள். நானே என்றேன். "அப்ப நான் போறேன், ரொம்ப வலிச்சா கூப்பிடுங்க" என்று போய்விட்டாள். வலித்தது. கூப்பிடவில்லை.

நீ கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். கோயிலில் என் வலது பக்கம் நீ நின்றாய். இடது பக்கம் யாக்குப் நின்றான். அவன் திருப்பும்போது நான் திருப்புவேன். பாட்டெல்லாம் அம்மா பாடிப் பாடி மனப்பாடம். ஒரு ஈஸ்டர் அன்று யாக்குப்பின் புத்தகத்தில் இரண்டு பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் எச்சில் தொட்டு இரண்டையும் சேர்த்துத் திருப்பிவிட்டு, உடனே ஒன்றைப் பின்னால் திருப்பினான். நானும் அப்படியே செய்தேன். என் புத்தகம் புதுசு, ஒன்றும் ஒட்டவில்லை. நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். உனக்கு ஞாபகம் இருக்காது.

நம் ஊருக்கும் மலைக்கு அந்தப் பக்கத்து ஊருக்கும் சேர்த்து ஒரே வாத்தியார். இரண்டு வாரம் இங்கே, இரண்டு வாரம் அங்கே. அவர் இங்கே இருந்த வாரங்களில்தான் மீனும் வந்தது. அப்பா என்னைப் படகில் ஏற்றிக்கொண்டார். வாத்தியார் அங்கே போன பிறகு எனக்கு ஓய்வு. பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும். அப்படியே வளர்ந்துவிட்டேன். நீ பிறந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது, அதற்குள் எல்லாரும் எனக்குத் தெரியும் என்றே நினைத்துவிட்டார்கள். நானும் நினைக்க விட்டேன்.

உன் கடிதம் வந்தபோது வீட்டில் படிக்கத் தெரிந்தவர் அப்பா ஒருவர்தான். அவரிடம் கொடுத்தால் அடுப்புக்குப் போகும். மேலே உன் பெயர் இருக்கிறது என்று மட்டும் தெரியும், அந்த முதல் எழுத்தின் வளைவை நீ சிறுமியாக இருந்தபோது பனியில் எழுதிக் காட்டுவாய். வாத்தியாரிடம் கொடுக்கலாம் என்று நினைத்தேன். அவர் அந்தப் பக்கத்து ஊரில் இருந்தார். இரண்டு வாரம் கழித்துத்தான் வருவார். காத்திருக்கலாம், என்ன அவசரம் இருக்கப்போகிறது என்று நினைத்தேன்.

அவர் வந்தபோது கிறிஸ்துமஸ் முடிந்து மரமெல்லாம் வெளியே போட்டாகிவிட்டது. யாக்குப் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நீ கேட்டுக்கொண்டபடி இருந்துவிட்டான், இன்றுவரை. உன் கடிதம் வந்ததும் நேராக அவன் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். பைப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "வாக்குக் குடுத்தேன்டா, வேற என்ன பண்ணுவேன்" என்றான். பைப்பைத் திரும்ப வைக்கவில்லை.

கடிதத்தை வாத்தியாரிடம் கொடுக்க அப்போதும் கூச்சமாக இருந்தது. சுவரில் பாரோமீட்டர் இருக்கிறதே, அதற்குப் பின்னால் செருகி வைத்தேன். மூன்று வருஷம் கழித்து எல்ஸ்பா வந்தாள். அவளிடம் கொடுத்திருக்கலாம். மூன்று வருஷமாகப் பிரிக்காத கடிதத்தில் எது இருந்தாலும் அது இனி என் குற்றமாகத்தான் இருக்கும் என்று பயம். வருஷம் கூடக் கூடப் பயமும் கூடியது. தினம் காலையில் கடலுக்குப் போகுமுன் புயல் வருமா என்று பாரோமீட்டரைத் தட்டிப் பார்ப்பேன். முப்பத்தொரு வருஷம் உன் கடிதத்தைத் தட்டியிருக்கிறேன்.

இவ்வளவு நீளமாக நான் எழுதியதே இல்லை. பென்சிலை இரண்டு முறை சீவினேன்.

நீ வரமாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். படித்தேன். ஆனாலும் மீன் ஆலையிலிருந்து அட்டைப் பெட்டிகள் வாங்கி வந்துவிட்டேன். பெரிய பெட்டிகள், தடித்த அட்டை.

ஹானுஸ்


எஸ்பியர்
16 நவம்பர் 1994

ஹானுஸ்,

அந்த ஈஸ்டர் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் சிரித்ததற்கு அப்பா வீட்டில் என் காதைத் திருகினார்.

உன் கடிதத்தைப் பிர்கிட்டிடம் படித்துக் காட்டினேன். அவள் அழுதாள். நான் அழவில்லை. நான் பாத்திரம் கழுவினேன். எனக்குக் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. வேறு இடத்துக்கு மாறியிருக்கிறது. படிக்கத் தெரியாதது உன் குற்றம் இல்லை. ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு மலையேறி அந்தப் பக்கத்து ஊருக்குப் போக உனக்கு மூன்று மணி நேரம் ஆகியிருக்கும். ஆடு காணாமல் போனால் நீ எத்தனை முறை அந்த மலை ஏறி இறங்கியிருப்பாய். ஓர் ஆட்டுக்காகப் போவாய். எனக்காகக் கூச்சப்பட்டாய்.

எழுதிவிட்டேன். இனி இதையே திரும்பத் திரும்ப எழுத மாட்டேன்.

எனக்கும் இங்கே ஒரு வாழ்க்கை ஆகிவிட்டது. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிள்ளையை நானே வளர்த்தேன். வருஷா வருஷம் டிசம்பர் 23 அன்று கடையில் நல்ல மரமாக வாங்கி வந்து, பிர்கிட்டும் நானும் கைகோத்துப் பாடிக்கொண்டு சுற்றி வருவோம். இரண்டே பேர் என்பதால் எப்போதும் சின்ன மரமாகத்தான் வாங்குவேன். பெரிய மரமென்றால் கை எட்டாது, பாட்டு பாதியில் நின்றுவிடும். இப்போது பிர்கிட்டுக்கு அது சிறுபிள்ளைத்தனமாக இருக்கிறது, ஆனாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கை கொடுக்கிறாள்.

அட்டை மரம் என்று எழுதியிருந்தாய். சண்டைக்காலம், டென்மார்க்கிலிருந்து கப்பலே இல்லை, தீவில் வெட்டுவதற்கு ஒரு மரமும் இல்லை. ஆங்கிலச் சிப்பாய்களின் பிஸ்கட் பெட்டிகளில் நீ செய்தாய். படகுக்கு அடிக்கிற பச்சை வண்ணத்தை அடித்தாய். ஈஸ்டர் வரை வீடு நாறியது. நான் அதை உலகத்திலேயே பெரிய மரம் என்று நினைத்திருந்தேன்.

ஒன்றே ஒன்று சொல்கிறேன். நான் வருகிறேன் என்று அர்த்தமில்லை. இரண்டு அட்டைகளையும் ஒன்றுக்குள் ஒன்று செருகி நிறுத்துவதென்றால், ஒன்றில் மேலிருந்து பாதி வெட்ட வேண்டும், மற்றதில் கீழிருந்து பாதி. அன்று நீ இரண்டிலும் மேலிருந்து வெட்டிவிட்டாய். ஆறு வயதில் எனக்குத் தெரிந்தது உனக்குத் தெரியவில்லை.

ரன்வா


நோர்விக்
28 நவம்பர் 1994

அன்புள்ள ரன்வா,

உன் கடிதம் வருவதற்கு முந்திய நாளே வெட்டிவிட்டேன். இரண்டிலும் மேலிருந்து.

யாக்குப் வந்து பார்த்தான். இரண்டு அட்டையையும் கையில் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "ஏன்டா, படகே கட்டுனவன் நீ, இது வரலையா?" என்றான். படகில் யாரும் இப்படி மேலிருந்து பாதி வெட்டுவதில்லை என்றேன். அப்புறம் உன் கடிதத்தை எடுத்து அந்த இடத்தை அவனுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அவன் சிரிக்கவில்லை. நான் படிக்கிறதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். "இன்னொரு தடவை படி" என்றான். இன்னொரு தடவை படித்தேன்.

புது அட்டை எடுத்து வெட்டினேன். மீன் உரிக்கிற கத்திதான் நன்றாக வருகிறது. மரம் என் உயரம் வந்தது. கீழ்க் கிளை இந்தக் கையிலிருந்து அந்தக் கை வரை. நிறுத்திவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். ரொம்ப நல்ல மரம். வெள்ளிக்கிழமை பிரிதா வந்து, சுற்றி வந்து பார்த்தாள்.

"எத்தனை பேர் சுத்தப் போறீங்க அண்ணே?" என்றாள்.

"ரெண்டு பேர்."

"கையைக் குடுங்க பாப்போம்" என்றாள். அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அவளுக்கு நீளமான கை. இருந்தும் ஒரு கை பிடித்தால் மறு கை எட்டவில்லை. கிளை நெஞ்சில் குத்தியது. நான் எட்டு பேர் வீட்டுக்கு மரம் செய்து வைத்திருந்தேன். எல்ஸ்பா, நான், அவள் தங்கைகள் என்று சுற்றிச் சுற்றிப் பழகிய கை, அந்த அளவுக்கே வெட்டிவிட்டது.

பிறகு அம்மா நமக்குச் சட்டை பின்னுவதற்கு அளந்த நூலைத் தேடி எடுத்தேன். என் கை அளவுக்கு முடிச்சு இருக்கிறது. உன் அளவு இல்லை. உன் கையை நான் கடைசியாகப் பார்த்தபோது நீ இருபத்தெட்டு வயதுக்காரி. அம்மா கை அளவு இருக்கும் என்று வைத்துக்கொண்டேன். அந்த அளவுக்கு ஒல்லியாக எல்லாக் கிளையையும் வெட்டிக் குறைத்தேன். இப்போது மரம் மழையில் நனைந்த பூனை மாதிரி இருக்கிறது. ஆனால் இரண்டு பேருக்குக் கை எட்டும்.

பச்சை வண்ணம் அடிக்கவில்லை. டப்பாவைத் திறந்து தூரிகையும் எடுத்துவிட்டேன். அப்போதுதான் பார்த்தேன், அட்டை முழுக்க எழுத்து. ஒரு கிளையில் "இந்தப் பக்கம் மேலே" என்று இருக்கிறது, அது கீழே பார்த்து நிற்கிறது. ஒரு கிளையில் "உறைந்த மீன்". உச்சியில் "ஈரம் படாமல் வைக்கவும்". இவ்வளவையும் நான் படித்தேன். மூடி வண்ணம் அடிக்க மனம் வரவில்லை. நீ வந்தால் உனக்கும் படித்துக் காட்டுவேன்.

மலையைப் பற்றி எழுதினாய். சரி. ஆட்டுக்காகப் போனேன். உனக்காகப் போகவில்லை. இதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லை என்பதையும் எழுத வேண்டும் என்று பிரிதா சொன்னாள், இல்லாவிட்டால் நான் அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை என்று நீ நினைத்துவிடுவாயாம்.

டிசம்பர் 21 அன்று கப்பல் கிளாக்ஸ்விக் வருகிறது. நான் படகோடு துறையில் இருப்பேன்.

ஹானுஸ்


எஸ்பியர்
7 டிசம்பர் 1994

ஹானுஸ்,

படகெல்லாம் எடுக்காதே. உனக்கு எழுபத்திரண்டு வயது. மலையைக் குடைந்து சாலை போட்டு எவ்வளவோ காலம் ஆயிற்று என்று பிர்கிட் வரைபடத்தில் காட்டினாள். பஸ் ஓடுகிறதாம்.

அந்தச் சரக்குக் கப்பலில் பயணிகளுக்கு நாலு படுக்கை இருக்கிறது. ஒன்றைச் சொல்லி வைத்திருக்கிறேன். சொல்லி வைத்திருக்கிறேன் என்றுதான் எழுதியிருக்கிறேன். ஏறுவேன் என்று எழுதவில்லை. நிதானமாகப் படி.

என் கை அம்மா கையைவிடக் கொஞ்சம் குட்டை. சலவைக்கூடத்தில் தோள் போய்விட்டது, இடது கை முழுதாக நீளாது.

ரன்வா


நோர்விக்
23 டிசம்பர் 1994

அன்புள்ள ரன்வா,

இரண்டு விரல் அளவு இன்னும் குறைத்தேன், உன் தோளுக்காக.

21ஆம் தேதி காலையில் பாரோமீட்டரைத் தட்டினேன். முள் நல்ல இடத்தில் நின்றது. பின்னால் ஒன்றும் இல்லாததால் சத்தம் வேறு மாதிரி வருகிறது. யாக்குப் கொட்டகை வாசலில் மறித்துக்கொண்டு நின்றான்.

"டேய், பஸ் இருக்குடா. இந்த வயசுல எதுக்குப் படகு?"

"அவ படகுதான் கேட்டா."

"அது கேட்டு முப்பத்தொரு வருஷம் ஆச்சு."

"கேட்டது கேட்டதுதான்" என்றேன்.

அப்புறம் தானும் ஏறிக்கொண்டான். முன்பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, கிளாக்ஸ்விக் வரை என்னைத் திட்டிக்கொண்டே வந்தான். எஞ்சின் சத்தத்தில் பாதி கேட்கவில்லை.

கப்பல் பதினொரு மணிக்கு வந்தது. கடல் அமைதியாகத்தான் இருந்தது. இரண்டு பேர் இறங்கினார்கள். ஆண்கள். பிறகு உருளைக்கிழங்கு மூட்டைகள் இறங்கின, கார் ஒன்று இறங்கியது. கடைசி நேரத்தில் வந்த கிறிஸ்துமஸ் மரங்கள் வலையில் கட்டி இறங்கின. நான் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படிக்கட்டைத் தூக்கிவிட்டார்கள்.

மீன் பெட்டிகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். இப்போது அவை பிளாஸ்டிக் பெட்டிகள். ஆனால் காற்று அதே காற்றுதான். யாக்குப் காபி வாங்கி வந்தான். போகலாம் என்று சொல்லவில்லை. மறுநாளும் போனேன், நீ அன்று இரண்டு நாள் இருந்தாயே என்று. மறுநாளும் அவன் கூட வந்தான். அன்று திட்டவில்லை.

நீ வராதது உன் பதிலா, அல்லது உடம்புக்கு ஏதாவதா, எனக்குத் தெரியாது. தெரியாமல் ஒரு துறையில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று இப்போது தெரியும். நான் கையில் ஏழு மாதப் பிள்ளை இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். நீ பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாய்.

மன்னித்துக்கொள் என்ற வார்த்தையை இதுவரை எழுதவில்லை. எழுத்து சரியாகத் தெரியாமல் இல்லை. துறையில் உட்காருவதற்கு முன்னால் எழுதியிருந்தால் அது ஓட்ஸ் டப்பாவில் போட்டிருக்கிற மாதிரி இருந்திருக்கும். இப்போது எழுதுகிறேன். என்னை மன்னித்துக்கொள், ரன்வா.

ஆட்டிறைச்சி காற்றில் நன்றாகக் காய்ந்திருக்கிறது. உன் பங்கைத் தனியாகத் தொங்கவிட்டிருக்கிறேன்.

ஹானுஸ்


எஸ்பியர்
29 டிசம்பர் 1994

அண்ணா,

எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. கடலும் அமைதியாக இருந்தது, நானும் பார்த்தேன். பெட்டியோடு இங்கே துறையில் நின்றேன். பிர்கிட் கூட வந்து நின்றாள். ஒரு பையன் என் பெட்டியைப் படிக்கட்டில் தூக்கிக்கொண்டு போய்விட்டான். நான் அவனைக் கூப்பிட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

ஏன் என்று பிர்கிட் கேட்டாள். அவளிடம் சொல்லவில்லை. உன்னிடம் எழுதுகிறேன். முப்பத்தொரு வருஷம் நான் ஒருத்தர் மேல் கோபமாக இருந்தேன். காலையில் எழுந்திருக்க அது உதவியது. சலவைக்கூடத்தில் கொதிக்கிற தொட்டிக்கு முன்னால் நிற்க அது உதவியது. என் அண்ணன் வரவில்லை, நான் யாரையும் நம்பாமல் நிற்பேன் என்று நின்றேன். இப்போது அப்படி ஓர் அண்ணன் இல்லவே இல்லை என்கிறாய். கப்பலேறிப் போய் உன் முகத்தைப் பார்த்துவிட்டால் அது முழுக்கப் போய்விடும். பிறகு நான் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பேன் என்று பயந்துவிட்டேன்.

யாக்குப் வீட்டுக்குத் தொலைபேசி செய்து சொல்லலாம் என்று பிர்கிட் எண்ணைக்கூடச் சுழற்றினாள். நான் கையால் அமுக்கிவிட்டேன். நீ துறையில் நிற்பாய் என்று தெரிந்தே செய்தேன். மனதின் ஒரு மூலையில், நிற்கட்டும் என்று நினைத்தேன். அது நல்ல எண்ணம் இல்லை. உன் 23ஆம் தேதிக் கடிதம் இன்று வந்தது. நீ இரண்டாம் நாளும் போயிருக்கிறாய். நான் முதல் நாளைத்தான் கணக்கில் வைத்திருந்தேன்.

நீ கடிதத்தைப் பிரிக்கப் பயந்தாய். நான் கப்பலேறப் பயந்தேன். நாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான் போலிருக்கிறது.

இனி என்ன, கிறிஸ்துமஸ் போய்விட்டது. இங்கே எங்கள் மரம் இப்போதே ஊசி உதிர்க்கிறது. காலை வைத்தால் குத்துகிறது. இன்னும் ஒரு வாரத்தில் எல்லாரும் மரத்தைத் தூக்கி வெளியே போட்டுவிடுவார்கள். நாம் இந்த வருஷத்தை விட்டுவிட்டோம்.

உன் தங்கை
ரன்வா


நோர்விக்
12 ஜனவரி 1995

அன்புள்ள ரன்வா,

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். முதல் முறை எழுத்துக்காக. மற்ற மூன்றும் உனக்காக.

நீ சொன்ன மாதிரியே ஆறாம் தேதி ஊரில் எல்லாரும் மரத்தை வெளியே போட்டுவிட்டார்கள். பதினொரு வீட்டு மரமும் கடலோரத்தில் கிடக்கிறது. எல்லாம் மொட்டை. ஆடுகள் வந்து மோந்து பார்த்துவிட்டுப் போகின்றன. யாக்குப் வீட்டில் அவன் மருமகள் மூன்று நாளாக ஊசி பெருக்குகிறாள்.

என் மரம் நிற்கிறது. இன்று காலை அதன் அடியில் துடைப்பத்தைப் போட்டுப் பார்த்தேன். ஓர் ஊசிகூட உதிரவில்லை. ஈரம் படாமல் வைத்திருக்கிறேன், அதுவே அப்படித்தான் சொல்கிறது.

நேற்று பிரிதா கேட்டாள்: "இன்னுமா எடுக்கலை? ஊரே சிரிக்குது அண்ணே."

"சிரிக்கட்டும். இன்னும் யாரும் அதைச் சுத்தலை. சுத்தாத மரத்தை எப்படி எடுக்கிறது?" என்றேன்.

"அப்ப உங்களுக்கு இன்னும் கிறிஸ்துமஸ் வரலைன்னு சொல்லுங்க" என்றாள்.

அப்படித்தான். கிறிஸ்துமஸ் அன்று யாக்குப் குடும்பம் கூப்பிட்டது, போய்ச் சாப்பிட்டேன். அவர்கள் மரத்தைச் சுற்றினார்கள், நான் நாற்காலியில் உட்கார்ந்து பாடினேன். கை கோக்கவில்லை. என் கை இந்த வருஷம் ஏற்கெனவே சொல்லி வைத்த கை.

உன் கோபத்தை நீ இங்கே கொண்டு வரலாம். அதை அங்கே விட்டுவிட்டுத்தான் வர வேண்டும் என்று நான் எழுதவில்லை. மேல் அறை காலியாக இருக்கிறது. நீ அதைப் பிடித்துக்கொண்டு எத்தனை நாள் நிற்க வேண்டுமோ நில். நான் காபி போடுகிறேன்.

எந்தக் கப்பல் என்றாலும் சரி. பிப்ரவரி என்றாலும் மே மாதம் என்றாலும் சரி. அட்டைக்கு அவசரமில்லை.

உன் அண்ணன்
ஹானுஸ்


20 பிப்ரவரி 1995
நோர்விக், உன் சமையலறை மேசை

அண்ணா,

நீ படகுக் கொட்டகையில் தட்டிக்கொண்டிருக்கிறாய். வாசலில் நின்று மூன்று முறை கூப்பிட்டேன், கேட்கவில்லை. அதனால் எழுதி வைத்துவிட்டுப் போகிறேன்.

பிர்கிட் யாக்குப் வீட்டுக்குத் தொலைபேசி செய்தாள். லீவு கிடைத்துவிட்டதாம், என்னிடம் சொல்லாமல் கப்பலேறிவிட்டாள். இன்று மூன்று மணிக்குக் கிளாக்ஸ்விக் துறையில் இறங்குகிறாள். நான் பிரிதாவின் தபால் வண்டியில் முன்னால் போகிறேன். நீ துறைக்கு வா. கடல் நன்றாக இருக்கிறது, நானும் பாரோமீட்டரைத் தட்டிப் பார்த்தேன். படகிலேயே வா.

மரத்தை எடுக்காதே. போன வாரம் நாம் சுற்றியபோது நீ இடித்து மடக்கிய கிளையை ஒட்டி வைத்திருக்கிறேன், "உறைந்த மீன்" கிளை. பசை காயட்டும். இன்று மூன்று பேர்.

ரன்வா


படித்தேன். கிளம்பிவிட்டேன்.

ஹானுஸ்